எச்சில் பந்து

இந்த ஆஸ்பத்திரியில் கஞ்சிக்கு உப்புப் போடுவதில்லை. குறையாகச் சொல்லவில்லை, இன்ஸ்பெக்டர் ஐயா. நாக்குக்குச் சுவை திரும்ப நாளாகும் என்று டாக்டரம்மா சொன்னார்; போட்டிருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது. உட்காருங்கள். அந்த ஸ்டூல் ஆடும், சுவரோரமாக இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

நேற்று வராந்தாவில் என் மனைவி தெய்வாத்தாளிடம் நீங்கள் பேசியது காதில் விழுந்தது. "மில் முதலாளிக்கு வெச்ச வெசமுங்க அம்மா. பாவம், கோல்ஃப் பை தூக்கறவன் ஆறுக்குட்டி செத்துப்போனான். உங்கூட்டுக்காரரு தப்பிச்சதே பெரிய காரியமுங்க" என்றீர்கள். அவளும் உடனே கோனியம்மன் கோயிலுக்குப் போய் விளக்குப் போட்டுவிட்டு வந்தாள். பாலகோபால் மில்லை மூடிய ஆத்திரத்தில் செய்திருப்பார்கள் என்று தொழிலாளிகள் சிலரை ஸ்டேஷனில் உட்கார வைத்திருக்கிறீர்களாம். அவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். நீங்கள் சொன்னதில் ஒரு தப்பு இருக்கிறது. அதை அதன் இடத்தில் சொல்கிறேன்.

ஐயா, ஒரு சின்ன வேண்டுகோள். விரலை நாக்கில் தொட்டுத் தாளைத் திருப்புகிறீர்கள். என் எதிரில் மட்டும் வேண்டாம். எனக்கு அது ஆகாது. என் பவுண்டரியில் பில் புத்தகத்தை அப்படித் திருப்பிய கணக்குப்பிள்ளையை அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பினேன். தபால்தலை ஒட்ட ஈரப் பஞ்சு வைத்திருக்கிறேன். வீட்டில் என் டம்ளரில் வேறு யாரும் குடிக்கக் கூடாது. என் மகள் பிரவீனாவை நான் முத்தமிட்டதே இல்லை. வாய் என்பது எங்கெங்கோ போய் வந்த இடம். சுத்தமாக இருப்பதில் தப்பு என்ன இருக்கிறது.

மேட்டுப்பாளையம் ரோட்டில் இருக்கும் அந்த கோல்ஃப் மைதானத்தை இப்போது காசு கட்டினால் யாரும் ஆடலாம் என்று திறந்துவிட்டிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் மில்காரர்கள் மட்டும்தான். எங்கள் தோட்டத்துக் கிணறு வற்றிப்போனதும் நான் அங்கே பை தூக்கப் போனேன். இதைத் தெய்வாத்தாளிடம்கூடச் சொன்னதில்லை. சின்ன முதலாளி பாலகோபாலின் பைதான் எனக்கு. குழி இருக்கும் இடத்தில் புல்லை ஒட்ட வெட்டியிருப்பார்கள், கிரீன் என்பார்கள். பந்து அங்கே வந்ததும் எடுத்துத் துடைத்து வைக்கலாம், அது ஆட்டத்தின் விதி. முதலாளி வைத்திருந்தது சீமைத் துண்டு. கரிசல் மண் பட்டால் கறை போகாது. ஒருநாள் அவர் சொன்னார்: "துண்டு அழுக்காயிரும்டா ராக்கி. நாக்கு எதுக்கு இருக்குது?"

கூட ஆடியவர்கள் சிரித்தார்கள். அடுத்த வாரம் அவர்களும் அவரவர் பையனிடம் அதையே கேட்டார்கள். பிறகு அது அந்த மைதானத்தின் வழக்கமாகிவிட்டது. பாலகோபால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். கையை மட்டும் பின்னால் நீட்டுவார். நக்கி, சட்டையில் துடைத்த பந்து அந்தக் கையில் வந்து உட்கார வேண்டும். அந்தப் புல்லில் ஆடு மேயும். புழுக்கை கிடக்கும். மில்காரர்கள் காறித் துப்பியதும் அங்கேதான் கிடக்கும். வீட்டுக்குப் போய்ச் சோற்றில் கை வைத்தால் குமட்டிக்கொண்டு வரும். என் அம்மா கனகம் பித்தம் என்று நினைத்து சுக்குத் தண்ணி வைத்துக் கொடுப்பாள்.

ஆறுக்குட்டியும் என் கூடத்தான் பை தூக்கினான். அவனுக்குக் குமட்டவில்லை. அதுதான் வித்தியாசம்.

நான் கணபதிப் பக்கம் ஒரு பவுண்டரியில் சேர்ந்தேன், வார்ப்புக்கு மண்ணில் அச்சு அடிக்கப் படித்தேன், தனியாகப் பம்ப் வார்ப்படம் போட ஆரம்பித்தேன். ராக்கியண்ணன் என்ற பெயர் ஆர்.கே. ஆயிற்று. கொஞ்சம் வசதி வந்ததும் கோல்ஃப் ஆடக் கற்றுக்கொண்டேன். ஊட்டியிலும் பெங்களூரிலும் காசு கட்டி ஆடும் மைதானங்களில், என்னை யாருக்கும் தெரியாத இடங்களில், என் பையை நானே இழுத்துக்கொண்டு ஆடினேன். ஆனால் மனசு முழுக்க இந்த மைதானத்தில்தான். இங்கே கையை வீசிக்கொண்டு ஒருதரம் நடக்க வேண்டும். வேறு ஆசை எனக்குக் கிடையாது.

போன வருடம் வந்தேன். பாலகோபாலுக்குக் கண்ணில் புரை விழுந்திருந்தது. "வாங்க ஆர்.கே. சார், எங்க கூட ஒரு ஆள் குறையுதுங்க" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். அவருக்கு என்னைத் தெரியவில்லை. அவர் பக்கத்தில் அவருக்குச் சமமாக நான் நடந்தேன். நல்ல ஷாட் என்றார். ஐயா, என் முதல் வார்ப்படம் வெளியே வந்தபோதுகூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் இருந்ததில்லை. எதை வேண்டுமானாலும் இழப்பேன், அந்த இடத்தை இழக்க மாட்டேன் என்று அன்றைக்கு எனக்குத் தெரிந்தது.

என் பையைத் தூக்கிக்கொண்டு வந்தவன் ஆறுக்குட்டி.

நரைத்துப்போயிருந்தான். பார்த்த உடனே கண்டுகொண்டான். மற்றவர்கள் முன்னால் போகட்டும் என்று காத்திருந்து மெதுவாகச் சொன்னான்: "ராக்கி... இல்லீங்க, சார். நான் ஆருகிட்டயும் சொல்ல மாட்டேன் கண்ணு. நம்மாளு ஒருத்தன் ஆடறதப் பாக்கறதுக்கே எனக்கு வவுறு நெறஞ்சு போச்சுங்க."

சொன்னபடி அவன் யாரிடமும் சொல்லவில்லை. அதை எழுதிக்கொள்ளுங்கள். அவன் என்னை மிரட்டவில்லை, ஒன்றும் கேட்கவில்லை. முதல் கிரீனில் என் பந்தை எடுத்தான். நாக்கை நீட்டி ஒரு சுற்று நக்கினான். வயிற்றுப் பக்கம் சட்டையில் துடைத்து என் உள்ளங்கையில் வைத்தான். வெதுவெதுப்பாக இருந்தது. பிறகு என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு. உன் நாக்கும் என் நாக்கும் ஒன்றுதானே என்கிற சிரிப்பு. சீ.

அவனுக்கு நான் வாய்ப்புக் கொடுக்காமல் இல்லை. காந்திபுரத்தில் நல்ல பருத்தித் துண்டாக வாங்கிக் கொடுத்தேன். அதைத் தலையில் கட்டிக்கொண்டு வந்தான். சின்ன பிரஷும் பாட்டிலில் சோப்புத் தண்ணியும் கொடுத்தேன். "எச்சிலு பட்டாத்தானுங்க பந்து சொன்ன பேச்சு கேக்கும்" என்றான். வேறு ஆள் வேண்டும் என்று மேனேஜரிடம் கேட்டேன். "உங்க பைய வேற ஆரையும் தொட உட மாட்டேங்கறானுங்க" என்று அவர் சிரித்தார். மற்ற பைகளை எல்லாம் விட்டுவிட்டு எனக்காக வாசல் கேட்டோரமாகக் குந்தியிருப்பானாம். பாசமாம். கருமம்.

வேறு மைதானத்துக்குப் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். நான் ஏன் போக வேண்டும்?

பயத்தில் செய்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அவன் காட்டிக்கொடுப்பான் என்ற பயம் எனக்கு இல்லை. அருவருப்பு என்று எழுதுங்கள். கரப்பான் பூச்சிக்கு மருந்து வைக்கிறவர் யாரும் பயத்தில் வைப்பதில்லை.

இப்போது அந்தத் தப்பைச் சொல்கிறேன். விஷம் பாலகோபாலுக்கு வைத்தது இல்லை. அவர் எந்தக் காலத்தில் பந்தை வாயில் வைத்தார்? அது என் பந்து. என் தோட்டத்துக்கு அடிக்கும் மருந்து. நான்தான் தடவினேன். அந்தப் பந்தை வாயில் வைக்கிறவன் உலகத்திலேயே ஒருவன்தான். வழி தவறிப் போகவில்லை, ஐயா.

அன்றைக்கு வெயில் தாழ்ந்து நல்ல காற்று. நான் இரண்டு கைக்கும் உறை போட்டிருந்தேன். ஒவ்வொரு கிரீனிலும் அவன் எடுத்தான், நக்கினான், கொடுத்தான், நான் வாங்கிக்கொண்டேன். நடுவில் ஒருதரம் முகத்தைச் சுளித்து, "இன்னைக்குப் பந்து கசக்குதுங்க சார்" என்றான்.

"புல்லுக்கு மருந்து அடிச்சிருப்பாங்க. துண்டுலயே தொடை" என்றேன். அப்போதுகூடச் சொன்னேன்.

"கசந்தா என்னுங்க, நம்ம பந்துதானுங்களே" என்று மறுபடி நக்கினான்.

குட்டைக்குப் பக்கத்துக் கிரீனில் உட்கார்ந்தான். வேர்த்துக் கொட்டியது, வாயிலிருந்து எச்சில் நிற்காமல் ஒழுகியது. கூட ஆடிய மற்ற இருவரும் பை தூக்கும் பையன்களும் அவனைத் தூக்கிக் காரில் போட்டுக்கொண்டு பறந்தார்கள். நானும் பாலகோபாலும் நின்றோம். அவன் கையிலிருந்து உருண்ட பந்து அவர் காலடியில் கிடந்தது. புரை விழுந்த கண்ணுக்கு அது அவர் பந்தாகத் தெரிந்திருக்கிறது. ஆள் உயிருக்கு இழுத்துக்கொண்டு போகிறான், அவருக்கு அந்த ஒரு அடியை முடித்துவிட வேண்டும். கையைப் பின்னால் நீட்டினார். திரும்பிப் பார்க்கவில்லை.

"பந்து மண்ணா இருக்குது பாரு. தொடச்சுக் குடுடா" என்றார். என்னிடம் என்று நினைத்துச் சொல்லவில்லை. பின்னால் எப்போதும் யாராவது நிற்பார்கள் என்ற பழக்கம்.

நான் குனிந்தேன். எடுத்தேன். அதற்குப் பிறகு நான் யோசித்தது எதுவும் இல்லை. நாக்கு வெளியே வந்தது, ஒரு சுற்றுச் சுற்றியது, என் கை சட்டையில் துடைத்தது, அவர் உள்ளங்கையில் கொண்டுபோய் வைத்தது. எல்லாம் தானாக நடந்தது. அதே அளவு, அதே வேகம்.

அப்போதுதான் அவர் திரும்பினார். என்னை மிகக் கிட்டத்தில் வந்து பார்த்தார். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"அட, நம்ம ராக்கியா நீ?" என்றார். "அப்பவே நினைச்சேன். உன்னாட்டம் ஆருடா தொடைப்பாங்க?"

அதற்குப் பிறகு எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. மீதி உங்களுக்குத் தெரியும்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போட்டுவிடுகிறேன். ஆறுக்குட்டியின் வீட்டில் யாராவது காரணம் கேட்டால், அவன் மேல் எனக்குக் கோபம் எதுவும் இருந்ததில்லை என்று சொல்லுங்கள். ஒரே ஒரு உதவி மட்டும் செய்யுங்கள், ஐயா. அந்த நர்ஸிடம் சொல்லி வாய் கொப்பளிக்கக் கொஞ்சம் வெந்நீர் வாங்கிக் கொடுங்கள். காலையிலிருந்து கேட்கிறேன், மருந்தெல்லாம் சுத்தமாகப் போய்விட்டது என்று அந்தப் பெண் அதையே திருப்பித் திருப்பிச் சொல்கிறாள். மருந்தை யார் கேட்டார்கள்? அது அவன் எச்சில் பட்ட பந்து.