டிசம்பர் 29ஆம் திகதிக்கான ரசீது

பெயர்: நோபேட் பிறிஜெற். வயது: 46. தொழில்: தனியார் கம்பனியில் சம்பளப் பிரிவு உத்தியோகத்தர். முகவரி: கொட்டாஞ்சேனை, தொடர்மாடி வீடு, மூன்றாம் மாடி. வாக்குமூலம் பதிந்த நேரம்: 2026.01.09, காலை 10.15.

நான் மேற்படி முகவரியில் என் தகப்பனார் நோபேட்டுடன் வசித்தேன். அவர் துறைமுகத்தில் கிளாக்காக இருந்து ஓய்வு பெற்றவர், வயது 79, மறதி நோய் உள்ளவர். நான் வேலைக்குப் போகும் நாட்களில் ஒருகொடவத்தையைச் சேர்ந்த பேச்சியம்மா காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரை அவரைப் பார்த்துக்கொண்டார்.

எங்கள் கம்பனியில் பராமரிப்புக் கணக்கு என்று ஒன்று உண்டு. சம்பளத்தில் வரி கழிக்க முன்பே ஒரு தொகையை அதில் போடுவார்கள், அதற்கு வரி இல்லை. நாங்கள் வேலையில் நிற்கும் நேரத்தில் வீட்டில் இயலாதவரைப் பார்த்த ஆள் கையெழுத்திட்ட ரசீதைக் கொடுத்து அதைத் திரும்ப எடுக்கலாம். வருட முடிவுக்குள் எடுக்காத பணம் போய்விடும். இந்த விதியை மற்றவர்களுக்கு விளக்குவதே என் வேலை.

கணக்கு டிசம்பர் 19ஆம் திகதி மூடப்படும் என்று அறிவித்ததால், மாத முடிவு வரை எல்லா நாட்களுக்கும் பேச்சியம்மாவிடம் முன்கூட்டியே கையெழுத்து வாங்கிக் கொடுத்தேன். அதன்பின் 28ஆம் திகதி அவர், மகளை ஆஸ்பத்திரியில் பிள்ளைப்பேற்றுக்கு விட்டிருப்பதாகச் சொல்லி அடுத்த நாள் லீவு கேட்டார். போகச் சொன்னேன். ஆனால் நானும் லீவு போட்டால் 29ஆம் திகதி ரசீது பொய் என்று பிடிபடும், அந்த மாதத் தொகை முழுவதும் நின்றுவிடும், வேலையும் போகலாம். ஆகவே அப்பாவுக்குச் சாப்பாட்டை மூடி வைத்து, வெளியால் பூட்டிவிட்டு வேலைக்குப் போனேன்.

மாலை 6.40க்குத் திரும்பி வந்து கதவைத் திறக்க முடியாமல் தள்ளினேன். அப்பா கதவடியில் கிடந்தார். சப்பாத்துப் போட்டிருந்தார். தலையில் இரத்தம் காய்ந்திருந்தது, உடம்பு குளிர்ந்திருந்தது. அதன்பின் அம்புலன்சுக்கு எடுக்க முதல் நான் பேச்சியம்மாவுக்குத்தான் கோல் எடுத்தேன். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

"பேச்சியக்கா, ஆர் கேட்டாலும் இண்டைக்கு வீட்டில நிண்டதெண்டு சொல்லுங்கோ. ஒபிஸ் விசயம்" என்றேன்.

"சரிங்க மிஸ். ஐயா சாப்பிட்டாங்களா?" என்று கேட்டார்.

ஓம் என்று சொன்னேன். சாப்பாடு மூடினபடியே இருந்தது.

அதன்பின் பொலிஸ் வந்தபோது, பகல் முழுவதும் பேச்சியம்மா நின்றதாகவும் நான் வர முன் போய்விட்டதாகவும் பயத்தில் சொன்னேன். மறுநாள் அவரை விசாரித்தபோது அவரும் எனக்குச் சொன்ன சொல்லைக் காப்பாற்றி, நின்றேன் என்றிருக்கிறார். ரசீதும் அப்படியே சொன்னது. விழுந்த மனிதனைக் கவனியாமல் விட்டுப் போனதாக அவரை விளக்கமறியலில் வைத்து இன்றோடு பத்து நாள். பேரப்பிள்ளையை அவர் இன்னும் பார்க்கவில்லை.

பக்கத்து வீட்டுத் தயாபரன், பகல் பதினொரு மணிபோல் அப்பா கதவைத் தட்டித் தட்டி, "பேச்சி, கதவத் திற" என்று அரை மணித்தியாலம் கூப்பிட்ட சத்தம் தன் வீட்டுக்குக் கேட்டதாகச் சொல்லியிருக்கிறார். பேச்சியம்மா உள்ளே நின்றதற்கு அதையும் சாட்சியாக எழுதியிருக்கிறார்கள். அது பிழை. அப்பா உள்ளே நின்றுதான் தட்டினார். பேச்சியம்மா அங்கே இல்லாதபடியால்தான் கூப்பிட்டார். பூட்டின கதவின் திறப்பு என் கைப்பையில் இருந்தது. அன்றிலிருந்து நான் வீட்டைப் பூட்டுவதில்லை, படுக்கும்போதும் கதவு திறந்தே கிடக்கிறது. அப்படியும் தட்டுகிற சத்தம் கேட்கிறது.

என் முந்தைய கூற்று பொய். பேச்சியம்மா மீது குற்றம் இல்லை, அவரை விட வேண்டும். இதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். ஒருவரும் வற்புறுத்தவில்லை, மாற்ற வேண்டிய சொல் எதுவும் இல்லை. ஒன்றை மட்டும் சேர்க்கச் சொன்னேன்: அப்பா என்னையும் கூப்பிட்டாரா என்று தயாபரனிடம் கேட்டேன். இல்லை என்றார்.

(ஒப்பம்) நோ. பிறிஜெற்