எண் இல்லாத சீட்டு

கஸ்தூரிக்கு,

இசைத்தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்க வைத்து அடுக்கக் கூடாதம்மா. நிறுத்தித்தான் வைக்க வேண்டும். நேற்று உன் அப்பாவின் தட்டுகளைக் கோணிப்பையில் கொண்டுவந்து, "ஊட்ல வெச்சிக்கினு இன்னா பண்றது பெரியப்பா, நீங்களே ஏலத்துல போட்டுக் குடுங்க" என்றாய். அடியில் இருந்த இரண்டில் விரிசல் விட்டிருக்கிறது. அதைச் சொல்லத்தான் பேனாவை எடுத்தேன். எடுத்த பிறகு இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றுகிறது.

ஆவடி குவார்ட்டர்ஸில் என் வீட்டு முன்னறையில் மாதத்தின் முதல் ஞாயிறு ஏலம் நடப்பது உனக்குத் தெரியும். பழைய தட்டு சேர்க்கிறவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். ஒரு மாதம் வாய் ஏலம், மறு மாதம் சீட்டு ஏலம். வாய் ஏலத்தில் வாய் புளித்ததோ மாங்காய் புளித்ததோ என்று விலையை ஏற்றிவிட்டு, வீட்டுக்குப் போய்ப் பெண்டாட்டியிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார்கள். சீட்டு ஏலம் சத்தமில்லாதது. ஆளுக்கு ஒரு சீட்டில் விலையை எழுதி மடித்துப் பிஸ்கட் டப்பாவில் போட வேண்டும். வெளியூர்க்காரர்கள் தபாலில் அனுப்பலாம். எண் இல்லாத சீட்டு செல்லாது. இந்த விதிகளை எழுதியவன் நான். டப்பாவைப் பிரித்துப் படிப்பவனும் நான்தான். நானும் சீட்டுப் போடுவேன். யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை, அவ்வளவு நம்பிக்கை.

ஏலத்துக்கு நெளிவு சுளிவு உண்டு. வேண்டாத தட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஆகா ஓகோ என்று புகழ வேண்டும். வேண்டிய தட்டைப் பார்த்து, "கீறல் ஜாஸ்தி" என்று உதட்டைப் பிதுக்க வேண்டும். நம் ஆட்களுக்கு மொய் எழுதிப் பழகிய கை. ஐம்பத்தொன்று, நூற்றியொன்று என்றுதான் எழுதும். நான் நூற்றிமூன்று எழுதுவேன். இரண்டே ரூபாயில் எத்தனையோ நல்ல தட்டுகள் என் அலமாரிக்கு வந்திருக்கின்றன.

எண்பத்தெட்டில் ஐயப்பன்தாங்கல் வீராசாமி மைக் செட் தொழிலை மூடிவிட்டு, ஒரு பெட்டித் தட்டுகளை ஏலத்துக்குக் கொடுத்தார். அதில் ஒரு நாடகக் கம்பெனித் தட்டு. இரண்டாம் பக்கத்தில் கத்திரிக்காய் விற்கிற ஒரு வேடிக்கைப் பாட்டு. பாடியவர் 'பேபி பஞ்சவர்ணம்' என்று போட்டிருந்தது. உன் அம்மா. அப்போது அவளுக்குப் பத்து வயது இருக்கும். உன்னைப் பெற்ற ஒரு மாதத்தில் கண்ணை மூடிவிட்டாள். அவள் குரல் அந்தத் தட்டைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லை. உனக்கு அதைக் கேட்க வைக்க வேண்டும் என்று உன் அப்பா லட்சுமணன் ஆறு வருஷமாகத் தேடிக்கொண்டிருந்தான்.

சனிக்கிழமை ஃபேக்டரி கேட்டில் என்னைப் பிடித்தான். "அண்ணாத்தே, நாளிக்கு ஓவர்டைம் போட்டுட்டாங்க. இந்தச் சீட்ட டப்பாவுல போட்டுடு. கொயந்த அவ அம்மா கொரலக் கேக்கணும். உட்றாத." சொல்லும்போதே அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து சீட்டைப் பிரித்தேன். 'எவ்வளவு ஆனாலும் சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தான். எண் இல்லை.

அவன் தட்டுகளெல்லாம் பழைய கடைகளில் பொறுக்கியவை, ஏலத்தில் எதையும் எடுத்ததில்லை. விதி அவனுக்குத் தெரிந்திருக்காது. சைக்கிளை மிதித்தால் அவன் வீடு ஐந்து நிமிஷம். நான் போகவில்லை.

ஓவர்டைம் பட்டியல் எழுதுகிற கிளார்க் நான்தான். இதை முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும். அந்த மாதம் வாய் ஏலத்தின் முறை. அதைச் சீட்டு ஏலமாக மாற்றியவனும் நான்தான். வாய் ஏலமாக இருந்து அவன் எதிரே உட்கார்ந்திருந்தால், கடைசிவரை கத்திக்கொண்டே இருந்திருப்பான்.

மறுநாள் அவன் சீட்டைச் செல்லாது என்று ஒதுக்கினேன். பெங்களூர்க்காரர் ஒருவரின் தபால் சீட்டு ஜெயித்தது என்று படித்தேன். நூற்றிமூன்று ரூபாய். அப்படி ஒருவர் கிடையாது. வேலியே பயிரை மேய்ந்தது என்பார்களே, அந்த வேலி நான்தான் அம்மா.

ஏன் என்று கேட்பாய். அந்தக் கம்பெனி போட்ட தட்டுகள் மொத்தம் பன்னிரண்டு. என்னிடம் பதினொன்று இருந்தது.

லட்சுமணன் அந்தப் பெங்களூர்க்காரரைத் தேடி மூன்று தடவை ரயிலேறினான். தெருப் பெயர் கேட்டான், ஏதோ ஒன்று சொன்னேன். ஒவ்வொரு தடவையும் திரும்பிவந்து, "ஆளு ஊட்ட மாத்திட்டாராம் அண்ணாத்தே" என்று எனக்கே சமாதானம் சொன்னான். போன மாதம் ஆஸ்பத்திரியில், கண்ணை மூடுவதற்கு முன்னால், என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தப் பெங்களூர்க்காரரு நல்லா வெச்சிக்கினு இருப்பார் இல்ல?" என்றான். நன்றாக வைத்திருப்பார் என்றேன். அது பொய்யில்லை. உறை மாற்றி, தூசி படாமல்தான் வைத்திருக்கிறேன். ஐந்து வருஷத்தில் ஒரே ஒரு தடவை போட்டேன். பாட்டின் முடிவில் அவள் சிரிக்கிறாள். தண்ணீர் லாரி வரிசையில் நீ சிரித்தபோது அதே சிரிப்பைக் கேட்டேன். குடத்தை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

செய்த பாவத்தைக் கழுவ வேண்டும். அதனால் வருகிற ஞாயிறு அந்தத் தட்டை ஏலத்தில் வைக்கிறேன். சும்மா தூக்கிக் கொடுத்திருக்கலாம். ஆனால் அது பிச்சை போட்டது போலாகிவிடும், லட்சுமணன் பெண்ணுக்கு அது அழகில்லை. சீட்டு ஏலம்தான். வழக்கம்போல நானும் ஒரு சீட்டுப் போடுவேன். போடாவிட்டால் மற்றவர்கள் சந்தேகப்படுவார்கள்.

உன்னால் வர முடியாவிட்டால் பரவாயில்லை, சீட்டை முன்னாலேயே என்னிடம் கொடுத்துவிடு. எண்ணை மட்டும் எழுத மறக்காதே அம்மா. விதி எல்லாருக்கும் ஒன்றுதான்.

உன் பெரியப்பா,
கங்காதரன்