எவ்வளவு தூரம் இழுக்கும்

அப்படிப் பொதுவாக் கேட்டா நான் என்ன தம்பி சொல்றது? ரெண்டு கேமராவும் நல்லதுதான். எதுக்குன்னு சொன்னாத்தான் எதுன்னு சொல்ல முடியும். கல்யாணம், காதுகுத்து, மஞ்சத்தண்ணின்னு தொழிலுக்கு எடுக்கறவங்களா இருந்தா, யோசிக்காம இந்தப் பெரிய ஃபுல் ஃப்ரேமத் தூக்கிட்டுப் போங்கம்பேன். தொழிலுக்கு இல்லீங்களா? பறவையா? சரி சரி. எங்க, கரைவெட்டி ஏரியிலயா? இந்தக் கத்திரி வெயில்ல அங்க தண்ணியே இருக்காதே தம்பி. வந்த பறவையெல்லாம் எப்பவோ கெளம்பிப் போயிருக்கும். ஓ, வூட்டுப் பக்கம் வர்றதா? ஆமா, அதுவும் இருக்குல்ல. மைனா, மீன்கொத்தின்னு.

உக்காருங்க, ஏன் நிக்கிறீங்க? பாடாலூர்லேர்ந்து இவ்வளவு தூரம் வெயில்ல வந்திருக்கீங்க. நீங்க பட்டுன்னு சின்னதக் கேட்டதாலதான் நான் ரெண்டையும் எடுத்து வெச்சேன். பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

இதப் பாருங்க, இது பெருசு. உள்ள சென்சாரு அகலம். வெளிச்சம் மங்குனாலும் மூஞ்சி மூஞ்சியாத் தெரியும். மழைக்கால சாயங்காலத்துல எடுத்தாக்கூட கண்ணு இமைய எண்ணிரலாம். ஆனா தூரத்துல இருக்கறத எடுக்கணும்னா இதுக்குன்னு தனியா லென்ஸ் போடணும். அது முழங்கை நீளத்துக்கு இருக்கும். ஊரே திரும்பிப் பாக்கும். மறைக்கல்லாம் முடியாது.

இந்தச் சின்னது அப்படியில்ல. பேன்ட் பாக்கெட்டுல போயிரும். பட்டன அமுக்குனா மூக்கு நீளுற மாதிரி நீண்டுக்கிட்டே போவும். எவ்வளவு தூரம் இழுக்குமா? இங்கேர்ந்து எடுத்தீங்கன்னா அந்தக் கோடியில பாலக்கரைல நிக்கிற ஆளு சட்டைப் பையில என்ன பேனான்னு சொல்லிரலாம். குறை என்னன்னா, சென்சாரு நகத்தளவு. வெயில் இருக்கற வரைக்கும் ராசா. பொழுது சாஞ்சா படம் பூரா உப்பும் மொளகுமாத் தூவுன மாதிரி ஆயிரும்.

என்ன கேட்டீங்க? சத்தமா? அதெல்லாம் அமத்திடலாம் தம்பி. துளி சத்தம் வராது. முன்னாடி ஒரு சின்ன லைட்டு எரியும், அதையும் அணைச்சுக்கலாம். பறவை மெரண்டுடும்ல.

நீங்க கேக்கறதப் பாத்தா, முன்னாடி ஒன்னு வெச்சிருந்தீங்கபோல. இல்லீங்களா? பழக்கமான கை மாதிரி தெரிஞ்சுது, அதான் கேட்டேன்.

இப்படித்தான் ஒரு பொண்ணும் ரெண்டுல எதுன்னு தெரியாம இதே கண்ணாடிப் பொட்டிக்கு முன்னாடி நின்னா. பிரவீணான்னு பேரு. சொந்த ஊரு பூலாம்பாடி. ஜெயங்கொண்டத்துல ஒரு ஸ்கூல்ல கம்ப்யூட்டர் டீச்சர். அங்கயே முந்திரித் தோப்ப ஒட்டுன தெருவுல ஒரு மாடி வூடு எடுத்துத் தங்கியிருந்தா. துணிச்சலான பொண்ணு தம்பி. அப்பா இல்ல. அண்ணங்காரன் செந்தில்குமார் லோடு வண்டி ஓட்டுறான். அரியலூர்ல ஒரு நல்ல எடத்துல மாப்பிள்ள பேசி, நிச்சயத்துக்கு நாளும் குறிச்சிருந்தாங்க.

அப்பதான் ஒரு நாளு அவ போனுக்கு ஒரு போட்டோ வந்துச்சு. தெரியாத நம்பரு. ஒரு எழுத்துகூட இல்ல, வெறும் போட்டோ. மொட்ட மாடில அவ துணி காயப்போடுறா. வாயில கிளிப்பு கடிச்சிருக்கா, அதுகூடத் தெரியுது. பொண்ணு அந்த நம்பருக்குப் போட்டா, அது உபயோகத்துலயே இல்லங்குது. சரி, எவனோ பொறம்போக்குன்னு வுட்டுட்டா. அடுத்து இன்னொன்னு. ஜன்னலோரம் உக்காந்து சாப்புடுறா. அதுக்கடுத்து தலை துவட்டுறது. ஒவ்வொன்னும் ஒவ்வொரு நம்பர்லேர்ந்து. எல்லாமே பக்கத்துல நின்னு எடுத்தாப்புல இருக்கு. கையெட்டுற தூரம்.

அவசரமா தம்பி? வண்டியா? ஐயோ, அந்தக் குட்டியானை லோடு வண்டி உங்க வண்டிக்குப் பின்னாடியா நிக்குது? நம்ம கடைக்குச் சரக்கு எறக்க வந்ததுதான். டிரைவரு டீ குடிக்கப் போயிருக்கான், இப்ப வந்துருவான். உக்காருங்க. வெயில்ல எங்க போயி நிப்பீங்க.

அவ அம்மாக்காரி போயி கூடவே தங்குனா. ஜன்னலுக்கெல்லாம் கெட்டித் துணியாப் பாத்து தெச்சுப் போட்டா. பங்குனி வெயில்ல எல்லாத்தையும் சாத்திக்கிட்டு, உள்ள அடுப்பும் எரிஞ்சா எப்படியிருக்கும்? பொண்ணு தூங்கறதில்ல. குளிக்கப் போனா கதவத் தொட்டுத் தொட்டுப் பாக்கறது. ஸ்கூல்ல புள்ளைங்க போன் வெச்சிருந்தாக்கூட மூஞ்சியத் திருப்பிக்கறது. போலீஸ்லயும் சொன்னாங்க. ஒரு எஸ்.ஐ. மேடம், நல்ல மனுசி. நம்பரு பின்னாடியே போயிப் பாத்தாங்க. எதுவும் ஆளுகிட்ட போயி நிக்கல.

அப்புறம் மாப்பிள்ளைக்கும் ஒரு போட்டோ போச்சு. என்ன போட்டோன்னு இதுவரைக்கும் அவங்க சொல்லல. சண்டை போடல, சத்தம் போடல. பூ வெச்சப்ப குடுத்த தாம்பாளத்த மட்டும் ஒரு ஆள்கிட்ட திருப்பிக் குடுத்தனுப்பிட்டாங்க.

அன்னைக்குத்தான் அண்ணங்காரனுக்கு வெறி வந்துருச்சு. பக்கத்துலேர்ந்து எடுக்கறான்னா பக்கத்துல இருக்கறவன்தானேன்னு கணக்கு. எதுத்த வூட்டுல வீரமுத்துன்னு ஒருத்தரு. வெல்டிங் பட்டறை. பாவம், சாயங்காலம் மாடில காத்தாட உக்காந்து போன் பாப்பாரு, அதுதான் அவரு பண்ண குத்தம். செந்தில்குமார் போயி எறக்கி இழுத்துப் போட்டு அடிச்சிட்டான். காதோட சேத்து ஒரு அறை. ரத்தம் வந்துருச்சு. அந்த மனுசன் போனப் பூட்ட அவுத்து நீட்டுறாரு, பாருப்பா பாருப்பாங்கறாரு. அதுல அவரு பொண்டாட்டி மருதாயி படமும் புள்ளைங்க படமும்தான்.

அடுத்த நாளே வந்துச்சு ஒரு போட்டோ. வீரமுத்து தெருவுல விழுந்து கெடக்கறாரு, சுத்தி சனம் நிக்கிது. மேலேர்ந்து எடுத்தது.

பாத்துக்கங்க. எவனோ ஒருத்தன் இவ்வளவையும் வேடிக்கை பாத்துக்கிட்டு இருந்திருக்கான்.

வீரமுத்துக்கு ஒரு பக்கம் காதே கேக்காம போயிருச்சு. பட்டறையக் காலி பண்ணிட்டு விருத்தாசலம் பக்கம் போயிட்டாங்க. பிரவீணா தேடிப் போயி அந்த மருதாயி கால்ல விழப் போயிருக்கா. அந்தம்மா தூக்கி நிறுத்தி, உம்மேல கோவம் இல்ல கண்ணு, ஆனா இனிமே இந்தப் பக்கம் வராதன்னு சொல்லிட்டு கதவச் சாத்திருச்சு. அங்கேர்ந்து வந்தப்புறந்தான் அந்தப் பொண்ணு அழறத விட்டா. அழாத மூஞ்சியோட அவ உக்காந்திருந்தது, அதப் பாக்கறதுக்கு அழுததே தேவலைன்னு இருந்துச்சு.

வேர்க்குதே தம்பி, ஃபேன வேகமா வெக்கட்டுமா? கரண்டு கொஞ்சம் கம்மியா வருது.

அப்புறம் அவளே எல்லாப் போட்டோவையும் கம்ப்யூட்டர்ல போட்டு வரிசையா வெச்சுப் பாத்தா. துணி காயப்போடுற படத்துல அவ தோளுக்குப் பின்னாடி ஊரு தண்ணி டேங்கு பெருசா நிக்குது. அவ முதுகுல ஒட்டி வெச்ச மாதிரி. நெசத்துல அந்த டேங்கு எங்கயோ இருக்கு, ரெண்டு தெரு தாண்டி. நீங்கதான் கேமரா தெரிஞ்சவராச்சே, புரியுதுல்ல? தூரத்துலேர்ந்து இழுத்து எடுத்தாத்தான் பின்னாடி இருக்கறதும் முன்னாடி வந்து ஒட்டிக்கும். பக்கத்துல நிக்கிறவன் எடுத்தா அப்படி வராது. அதுவரைக்கும் எல்லாரும் பக்கத்துலயே தேடிக்கிட்டு இருந்திருக்கோம்.

டேங்குலேர்ந்து அவ மாடிக்கு ஒரு கோடு போட்டு அதையே முன்னாடி நீட்டுனா, முந்திரித் தோப்பு. தோப்புக்கு அந்தாண்ட பாதி கட்டி நின்னு போன ஒரு கல்யாண மண்டபம். மூனு மாடி, செவுரு கெடையாது, தூணு மட்டும்.

அன்னைக்குத்தான் இங்க வந்து நின்னா. ஃபுல் ஃப்ரேமா, சின்னதான்னு. பெருசுல எடுத்தா மூஞ்சி தெளிவா வரும், ஆனா அவ்வளவு நீள லென்ஸத் தூக்குனா அவன் பாத்துருவான். சின்னதுன்னா கைக்குள்ள மறையும். கடைசில சின்னதத்தான் எடுத்துட்டுப் போனா.

மொட்ட மாடில கொடியில பெட்ஷீட்டப் போட்டுட்டு, அதுக்குப் பின்னாடி நின்னு, ஓரத்துல மூக்க மட்டும் நீட்டி இழுத்துப் பாத்திருக்கா. இழுக்க இழுக்க தோப்பு போச்சு, தூணு வந்துச்சு. மூனாவது மாடில ஒரு பிளாஸ்டிக் நாக்காலி. பக்கத்துல தண்ணி பாட்டிலு. வெயிலுக்கு ஒரு கொடைய வேற கட்டி வெச்சிருக்கான். கால் மேல கால் போட்டு சினிமா பாக்கற மாதிரி உக்காந்திருக்கான் தம்பி. கண்ணுல கேமரா. அது இவளத்தான் பாத்துக்கிட்டு இருக்கு.

அப்பவும் அவ ஒளியல. பெட்ஷீட்ட வெலக்கிட்டு வெளிய வந்து நின்னு, நேருக்கு நேரா அவனப் பாத்து அமுக்கியிருக்கா. அவனுக்குத் தூக்கி வாரிப் போட்டிருக்கும்போல. பதறி எந்திரிச்சதுல கேமரா கை நழுவி கீழ போயிருச்சு. அண்ணங்காரன் வண்டிய எடுத்துட்டுத் தோப்பச் சுத்திப் போறதுக்குள்ள ஆளு இல்ல. ஒடஞ்சுபோன சின்ன கேமரா மட்டும் ஜல்லியில கெடந்துச்சு. உள்ள இருந்த மெமரி கார்டக்கூட உருவிட்டுத்தான் போயிருக்கான்.

இவ எடுத்த படமா? பொழுது சாஞ்சிருந்துச்சு, அதான் சொன்னேனே. உப்பும் மொளகும். ஆளு ஒசரம் தெரியுது, நெத்தி தெரியுது, மிச்சம் அவ மனசுலதான் இருக்கு. செந்தில்குமார் அத வெச்சே ஆளத் தேடிப் புடிக்கிறேன்னான். அவதான் கையப் புடிச்சுக்கிட்டா. நெசமாத் தெரியாம இனிமே ஒருத்தர் மேலயும் கை வெக்கக் கூடாதுன்னு சாமி மேல சத்தியம் வாங்கிக்கிட்டா. அதனால நீங்க ஒன்னும் பயப்பட வேணாம்.

இல்ல, பொதுவாச் சொன்னேன்.

அப்புறம் போட்டோ வர்றது நின்னுருச்சு. நிக்கத்தானே செய்யும், கேமரா போயிருச்சே. ஆனா எல்லாருக்கும் தெரியும் தம்பி, அந்தப் பழக்கம் அவ்வளவு சுளுவா வுடாது. வேற ஒன்னு வாங்குவான். ஆன்லைன்ல வாங்குனா பேரு, அட்ரஸ் எல்லாம் குடுக்கணும், வூட்டுக்குப் பார்சல் வரும். பயந்தவன் அதச் செய்ய மாட்டான். கடைக்குத்தான் வருவான். இந்தப் பக்கம் இதெல்லாம் விக்கிற கடை எத்தன இருக்கு?

சரி, பேசிக்கிட்டே இருக்கேன், நீங்க வாங்க வந்தவரு. இந்தாங்க, சின்னதக் கையில வாங்கிப் பாருங்க. அப்படியே வாசலுக்கு வாங்க. கூச்சப்படாதீங்க, இழுத்துப் பாக்காம எப்படி வாங்குறது? ஒரு நிமிசம், போன் அடிக்குது.

ம், சொல்லு. ம். நல்லாப் பாத்தியா? வெளிச்சத்துலதான் நிக்கிறாரு, ஆமா. ரெண்டு தடவ பாத்தியா? சரி. சரிம்மா, வெச்சிடு.

ஒன்னுமில்ல தம்பி. அதோ ரோட்டுக்கு அந்தாண்ட அந்த ஜவுளிக்கடைக்கு மேல மாடி தெரியுதா? அங்க வைங்க. இழுங்க. இன்னும் இழுங்க. எவ்வளவு தூரம் இழுக்கும்னு கேட்டீங்கல்ல. செவுத்தோரமா ஒரு பொண்ணு நிக்கிறா, வந்துட்டாளா? ஸ்கூல் லீவு வுட்டதுலேர்ந்து தெனமும் அங்கதான் காத்து நிக்கிறா. அவ கையில பாருங்க. இந்தத் தடவ பெருசு, முழங்கை நீள லென்ஸு. நீங்க கடைக்குள்ள நொழைஞ்சதுலேர்ந்து எடுத்துக்கிட்டுத்தான் இருக்கா. வெயிலும் நல்லா இருக்கு, மூஞ்சி மூஞ்சியா வந்திருக்கும்.

எறக்காதீங்க, நல்லாப் பாருங்க. எத்தன நாளு பாத்திருக்கீங்க, இன்னைக்கு என்ன?

என் மவதான் தம்பி. ஜன்னலுக்குத் துணி தெச்ச அம்மாக்காரி நாந்தான்.

அந்தப் பக்கம் போவாதீங்க. படிக்கிட்ட நிக்கிறவங்க ரெண்டு பேரும் ஸ்டேஷன்லேர்ந்து வந்தவங்க, அவதான் போன் பண்ணி வரச் சொன்னா. யாரும் உங்கள அடிக்க மாட்டாங்க, நான் சொன்னேன்ல. அவ எடுத்த மூஞ்சிய மட்டும் வெச்சு முடிவு பண்ண மாட்டோம். ஒடஞ்ச கேமராவுல கைரேகை கெடைச்சிருக்கு, அதோட ஒத்துப் பாத்துட்டுத்தான் எதுவும். வேற ஆளுன்னா நானே உங்க வூட்டுக்கு வந்து மன்னிப்புக் கேக்கறேன்.

இல்ல இல்ல, கேமராவ என் கையில குடுக்காதீங்க. தொடைக்கவும் வேணாம். இந்தக் கவர்ல போடுங்க. நீங்க தொட்டப்புறம் நான் தொடக் கூடாதுன்னு எஸ்.ஐ. மேடம் சொல்லியிருக்காங்க.