‘தூர்ந்த ஏரி’யின் பதினொரு நிமிடங்கள்

மேடையிலிருக்கும் பங்குத்தந்தை அவர்களே, முன்வரிசையில் கலங்கி அமர்ந்திருக்கும் ஆம்ப்ரோஸின் துணைவியார் யூனிஸ் அவர்களே, மகள் லீனாவே, மர்பி டவுனிலிருந்தும் விவேக் நகரிலிருந்தும் திரண்டு வந்திருக்கும் இசை நெஞ்சங்களே, வணக்கம்.

இந்த நினைவஞ்சலிக் கூட்டத்தில் ஆர்கன் மேதை ஆம்ப்ரோஸைப் பற்றிப் பேச என்னை அழைத்தார்கள். அவரோடு நாற்பது ஆண்டுகள் கிட்டார் வாசித்தவன் என்பதால் அழைத்தார்கள். எனக்கு அந்தத் தகுதி உண்டா? கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

1988இல் எங்கள் குழுவின் ‘தூர்ந்த ஏரி’ கேசட்டாக வந்தது. இந்த ஊரில் ஓர் ஏரியை வெட்டியது முதல், அதை மூடி பஸ் ஸ்டாண்டு கட்டியது வரை ஒரே கதை, ஏழு பாடல்கள். தமிழில் ராக் இசையில் இப்படி ஒரு முயற்சியா என்று வியந்தவர்கள் உண்டு. கடைசிப் பகுதியில் சொற்களே கிடையாது. பதினொரு நிமிடம் ஆம்ப்ரோஸின் ஆர்கன் மட்டும். கேட்டவர்கள் கடிதம் எழுதினார்கள். “அந்த ஆர்கன் யார் வாசிச்சது?” எல்லாக் கடிதத்திலும் அதே கேள்வி! என் கிட்டாரைப் பற்றி ஒரு வரி இல்லை.

2002இல் அது சிடியாக மறுவெளியீடு கண்டது. பொறுப்பு என்னுடையது. அந்தப் பதினொரு நிமிடத்தை நான் இரண்டு நிமிடமாக வெட்டினேன். கம்பெனி கேட்கவில்லை. சிடியில் இடமும் தாராளமாக இருந்தது. பொறாமை, அவையோரே, வெறும் பொறாமை!

சிடியைக் கேட்டுவிட்டு ஆம்ப்ரோஸ் என் வீட்டுக்கு வந்தார்.

“என்னப்பா டிரேவர், லாஸ்ட் பீஸ் ரெண்டே நிமிஷத்துல நின்னுடுச்சே?”

“மாஸ்டர் டேப்ல பூஞ்சை புடிச்சிடுச்சு, ஆம்ப்ரோஸ். மிச்சம் எதுவும் தேறல.”

அவர் என் தோளில் கை வைத்தார். “அய்யோ, நீ தனியா உக்காந்து எவ்ளோ கஷ்டப்பட்டிருப்பே!” என்றார். பொய் சொன்னவனுக்கு ஆறுதல் சொன்ன மனிதர் அவர். மூலப்பதிவான அந்த டேப் அப்போது அடுத்த அறையில், என் அலமாரியில், பழுதில்லாமல் இருந்தது.

2021இல் எல்பி ரெக்கார்டாக மறுபடி வெளியிடக் கேட்டார்கள். அப்போதாவது நான் வாய் திறந்திருக்க வேண்டாமா? ஆம்ப்ரோஸுக்கு அதற்குள் பக்கவாதம் வந்து இடது கை தளர்ந்திருந்தது. “டேப் போனா போகட்டும்பா, பழைய கேசட்டும் தேஞ்சு போச்சு, நானே திருப்பி வாசிச்சுத் தர்றேன்” என்றார். ஏழு மாதம் பயிற்சி எடுத்தார். யூனிஸ் தினமும் அவர் விரல்களுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்தார். ஸ்டுடியோவில் நான்கு முறை தொடங்கினார். நான்கு முறையும் அதே இடத்தில் கை நின்றது.

“சாரி டிரேவர். என்னால உன் ரெக்கார்டு கெட்டுப்போச்சு.”

இதைக் கேட்டும் நான் சும்மா இருந்தேன். ரெக்கார்டு அந்த இரண்டு நிமிடத்தோடே வெளிவந்தது. தன் விரல்கள்தாம் தோற்றன என்று நம்பியே சென்ற மாதம் ஆம்ப்ரோஸ் கண்மூடினார்.

நேற்று அவர் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். யூனிஸ், “என்கிட்ட மட்டும் சொல்லிட்டுப் போயிடாதீங்க. நாளைக்கு மைக்ல சொல்லுங்க. அவர் கை மேல தப்பில்லன்னு ஊரு தெரிஞ்சுக்கட்டும்” என்றார்.

சொல்லிவிட்டேன், யூனிஸ் அம்மா.

டேப் இப்போது லீனாவிடம் இருக்கிறது. ‘தூர்ந்த ஏரி’ முழுமையாக வெளிவர வேண்டும். எப்போது, எப்படி என்பதை இனி அந்தக் குடும்பமே தீர்மானிக்கும். ஓடியாடும் வேலை அத்தனையும் என்னுடையது. என் உயிர் உள்ளவரை அதைச் செய்வேன். லீனா ஒன்றே ஒன்று கேட்டாள்: “அங்கிள், கவர்ல உண்மை பிரிண்ட் ஆகணும்.” காலையில் எழுதிக் கொடுத்துவிட்டேன். அதை வாசித்து அமர்கிறேன்.

“இந்தப் பதினொரு நிமிடங்களை வாசித்தவர் ஆம்ப்ரோஸ். இவற்றை இருபத்து மூன்று ஆண்டுகள் மறைத்து வைத்தவன் நான். டிரேவர்.”