பன்னிரண்டு மாடியில் பூட்டிய பணம்

கைச்சுத்தத்தால் இந்தச் சிக்கனச் சங்கத்தைக் காத்துவரும் தலைவர் அவர்களே! நாற்பதாண்டு உழைப்பை முழங்கால் வலியாகச் சுமந்தபடி படியேறி வந்திருக்கும் மூத்த மெக்கானிக்குகளே! சம்பள நாளில் சிரித்து, இருபதாம் தேதியில் பெருமூச்சு விட்டு, ஆனாலும் அடுப்பை அணையவிடாத தாய்மார்களே! கதவோரம் நின்றபடி "சீக்கிரம் முடிப்பாரா" என்று பார்க்கும் தோழர்களே! அனைவருக்கும் என் அன்பு வணக்கம்.

பிட்காயின் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் பொருளாதாரம் படித்தவனல்ல; பம்பு பழுது பார்ப்பவன். ஆனால் பணம் என்றால் என்ன என்று என் அத்தானின் வாழ்க்கை எனக்குக் காட்டியது. காட்டிய அதிர்ச்சி இன்னும் ஆறவில்லை.

அத்தான், அதாவது என் அக்காவின் கணவர், லிஃப்ட் மெக்கானிக். உங்களில் பலருக்கு அவரை 'எண்ணெய்க்கையர்' என்றால்தான் தெரியும். இருபத்தாறு ஆண்டுகள் சேர்த்தார். இரண்டு அறை, ஒரு பால்கனி கொண்ட ஒரு வீடு பார்த்தார். திங்கட்கிழமை பணம் கட்ட வேண்டும். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை காலை அமைச்சர் தொலைக்காட்சியில் தோன்றினார். நாட்டின் நன்மைக்காக, வங்கியிலிருந்து வாரத்துக்கு ஒரு சிறு தொகைதான் எடுக்கலாம் என்றார். எட்டு மாதம் அந்த நன்மை நீடித்தது! அந்த எட்டு மாதமும் அச்சகம் ஓய்ந்ததா? ஓயவில்லை. நோட்டு நோட்டாக அடித்தார்கள். விலை விண்ணுக்குப் பறந்தது. வங்கி வாசல் திறந்தபோது அத்தான் பணம் அப்படியே இருந்தது, ஒரு காசு குறையவில்லை. ஆனால் அந்தப் பணத்துக்கு அந்த வீட்டின் சமையலறைகூடக் கிடைக்கவில்லை.

திருடன் வந்தானா? இல்லை. தீப்பிடித்ததா? இல்லை. அவர் சூதாடினாரா, குடித்தாரா, ஊதாரியா? இல்லை, இல்லை, இல்லை! பிறகு எங்கே போனது இருபத்தாறு ஆண்டு? கேட்க ஒரு ஜன்னல் உண்டா, எழுதிப்போட ஒரு விண்ணப்பம் உண்டா?

அப்போதுதான் அவர் பிட்காயினைப் பிடித்துக்கொண்டார். உலகத்துக்கே மொத்தம் இரண்டு கோடியே பத்து லட்சம் நாணயம்தான். அதற்கு மேல் எந்த அமைச்சரும் அச்சடிக்க முடியாது என்பது அவருக்கு வேதவாக்கானது. மிச்சத்தை அதில் போட்டார். நான்கு ஆண்டு, மாதம் தவறாமல் போட்டார். அதன் சாவி பன்னிரண்டு சொற்கள். வரிசை மாறாமல் சொன்னால் திறக்கும், மறந்தால் மறந்ததுதான்.

எழுதி வைக்கச் சொல்லி அக்கா மன்றாடினாள். அவர் சிரித்தார்.

"எழுதினா எவனாவது பாப்பான். என் தலைக்குள்ள எவன் வருவான்?"

வந்தது, பெரியோர்களே. பக்கவாதம் வந்தது.

காலையில் பல் துலக்கப் போனவர் குளியலறை வாசலில் சாய்ந்தார். உயிர் பிழைத்தது; பேச்சு போய்விட்டது. தண்ணீர் கேட்டாலும் 'சரி', வலித்தாலும் 'சரி'. அந்த ஒரு சொல்தான் வாயில் மிஞ்சியது. மருத்துவமனை வராந்தாவில் நானும் அக்காவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து நின்றோம். ஒரு குடும்பத்தின் முழுச் சேமிப்பும் பேச முடியாத ஒரு மனிதனின் மண்டைக்குள்! சிகிச்சைக்குக் கட்டக் கையில் ஒன்றுமில்லை.

(என்ன கேட்கிறீர்கள், ஐயா? வங்கியில் போய்க் கேட்கக் கூடாதா என்றா? எந்த வங்கியில்? பிட்காயினுக்கு மேலாளரும் கிடையாது, கிளையும் கிடையாது. அதுதானே அதன் பெருமை!)

அந்தச் சொற்களெல்லாம் ஒரு பொதுப் பட்டியலிலிருந்து வருபவை. இரண்டாயிரத்து நாற்பத்தெட்டுச் சொற்கள். அக்கா அதை அச்செடுத்துக் கட்டிலருகே உட்கார்ந்து ஒவ்வொன்றாக வாசித்தாள். தெரிந்த சொல் வந்தால் அவர் அவள் கையை அழுத்த வேண்டும். களைத்துப்போனால் எல்லாவற்றுக்கும் அழுத்துவார். ஐந்து வாரத்தில் பட்டியல் நாற்பதாகச் சுருங்கியது. ஆனால் எவை அந்தப் பன்னிரண்டு? எந்த வரிசை?

ஒருநாள் உடற்பயிற்சிக்காக அவரைச் சக்கர நாற்காலியில் மருத்துவமனை லிஃப்டில் ஏற்றினோம். ஒவ்வொரு மாடியிலும் கதவு திறக்கும்போது அவர் உதடு அசைந்தது. அக்கா குனிந்து கேட்டாள்.

"மாடிக்கு ஒரு சொல்லா ஞாபகம் வெச்சீங்களா?"

அவர் அழுதார். கையை அழுத்தினார்.

பத்தொன்பது ஆண்டுகள் அவர் பராமரித்த ஓர் அலுவலகக் கட்டடம் உண்டு. பன்னிரண்டு மாடி. மறுநாளே அங்கே போனோம். காவலாளி எங்களைக் கண்டதும் லிஃப்டில் 'பழுது' என்று பலகை மாட்டினார். அலுவலகக்காரர்கள் முணுமுணுத்தபடி படியேறினார்கள். முதல் மாடியில் கதவைத் திறந்து நிறுத்தினோம். அக்கா நாற்பதையும் வாசித்தாள். ஏழாவது சொல்லில் அழுத்தினார். இரண்டாம் மாடி. மூன்றாம் மாடி. சொல்லச் சொல்ல நான் தாளில் குறித்துக்கொண்டே வந்தேன். பதினொரு மாடியில் பதினொரு சொல்! பன்னிரண்டாம் மாடியில் கதவு திறந்தது. நாற்பதையும் மூன்று முறை வாசித்தாள். கை அசையவே இல்லை.

அக்கா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

எங்கள் தெருவில் கணினிக் கடை வைத்திருக்கும் ஓர் அம்மாதான் காப்பாற்றினார். பதினொன்று தெரிந்தால் கடைசியை இயந்திரமே ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துவிடும் என்றார். நாங்கள் ஒரு காபி குடிப்பதற்குள் திறந்துவிட்டது. (அது என்ன சொல் என்றா கேட்கிறீர்கள், தாயே? மேடையிலே சொல்கிறவனா நான்?)

திறந்தது. அவர் போட்டதெல்லாம் இருந்தது, துளி குறையாமல். ஆனால் அதே வாரம் அரசாங்கம் பிட்காயின் வாங்கவும் விற்கவும் புதுக் கட்டுப்பாடு போட்டது. அஞ்சியவர்கள் எல்லாம் விற்றார்கள். விலை பாதிக்கும் கீழே போனது. மருத்துவமனை காத்திருக்குமா? அந்த விலைக்கே விற்றோம். பதினான்கு மாதச் சிகிச்சைக்குச் சரியாகப் போயிற்று. இன்று அத்தான் ஊன்றுகோலோடு நடக்கிறார். இருபது முப்பது சொற்கள் பேசுகிறார். வீடு வாங்கவில்லை. இனி வாங்கப்போவதும் இல்லை.

அன்று விற்ற பணத்தை மருத்துவமனையில் கட்டிவிட்டுத் திரும்பும்போது, பேருந்தில் அக்கா சொன்னாள். என்னைத் தூங்கவிடாமல் துரத்தும் வார்த்தை அது.

"அவங்க நோட்டு அடிச்சப்போ என்கிட்ட கேக்கல. இவரு பூட்டு போட்டப்பவும் என்கிட்ட சொல்லல. ரெண்டு பணத்துக்கும் நான் வெளியாள்தானேடா?"

தலைவர் அவர்களே! நல்ல பணம் எது என்று நிபுணர்கள் நூல் நூலாக எழுதுகிறார்கள். அளவாக அச்சடித்தால் நல்ல பணம் என்கிறார் ஒருவர். அச்சடிக்கவே முடியாததுதான் நல்ல பணம் என்கிறார் இன்னொருவர். நான் கேட்கிறேன்: அடுப்படியில் நிற்கிறவளை வெளியாளாக்கும் பணம் நல்ல பணமா? ஆகவேதான் இந்தத் தீர்மானத்தை முன்மொழிகிறேன். மக்கள் சேமிப்பில் கை வைக்குமுன் மக்கள் மன்றத்தில் சொல், விவாதி, வாக்கெடு என்று அரசாங்கத்தைக் கேட்போம். உரக்கக் கேட்போம், ஒன்றாய்க் கேட்போம், ஓயாமல் கேட்போம்!

ஆனால் அரசாங்கத்தைக் கேட்குமுன் உங்களை ஒன்று கேட்கிறேன். இந்த மண்டபத்தில் முந்நூறு பேருக்கு மேல் இருக்கிறீர்கள். உங்கள் சேமிப்பு எங்கே, எதில், எந்தச் சாவிக்குள் இருக்கிறது என்று உங்கள் வீட்டில் இன்னொருவருக்குத் தெரியுமா? தெரியும் என்பவர்கள் கை தூக்குங்கள்.

தூக்குங்கள், வெட்கம் வேண்டாம்.

ஒன்று... மூன்று... ஆறு... பின்வரிசையில் அந்த அம்மா ஏழு. எட்டு. ஒன்பது.

அவ்வளவுதானா?

நான் இன்னும் இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வந்தேன். வாசிக்க மனமில்லை. தாளை மடித்துவிட்டேன். நீங்கள் வீட்டுக்குக் கிளம்புங்கள். போய்ச் சொல்லிவிட்டுத் தூங்குங்கள். இவ்வளவு நேரம் செவிகொடுத்த உங்கள் பொறுமைக்கு நன்றி. உங்கள் வீடுகளில் காத்திருப்பவர்களுக்கு என் வணக்கம்.