வலது தோளுக்குப் பின்னால் ஒரு வீடு

காலை ஏழு மணிச் செய்தியை யாரும் உட்கார்ந்து பார்ப்பதில்லை. பல் துலக்கிக்கொண்டோ, பிள்ளைக்குத் தலை சீவிக்கொண்டோ, இட்லித் தட்டை இறக்கிக்கொண்டோ அவ்வப்போது நிமிர்ந்து ஒரு பார்வை பார்ப்பார்கள். அந்த ஒரு பார்வையில் செய்தி காதில் ஏறாது. வாசிக்கிறவரின் முகமும், அவருக்குப் பின்னால் இருப்பதும்தான் கண்ணில் விழும். முகம் சேனலின் பொறுப்பு. பின்னால் இருப்பது என் பொறுப்பு.

அம்மா, போன வாரம் நான் கொடுத்த வாக்குமூலத்தைப் படித்துவிட்டு, "இதில் ஏதோ விட்டுப்போயிருக்கிறதே" என்றீர்கள். நீங்கள் விசாரணை அதிகாரி. உங்கள் கண்ணுக்குத் தப்பாது. இந்த முறை யாரும் கேட்டு எழுத வேண்டாம், நானே எழுதித் தருகிறேன் என்று காகிதம் கேட்டு வாங்கியது அதனால்தான்.

என் பெயர் ஏசுராஜ். வயது நாற்பத்தொன்று. சேலத்தில் பன்னிரண்டு வருடம் கல்யாண மண்டப மேடைகள் போட்டேன். மேடைக்குப் பின்னால் உடைந்த நாற்காலி கிடக்கும், ஏணி கிடக்கும், எச்சில் இலை கிடக்கும். முன்னால் எதுவும் தெரியக் கூடாது. அந்தத் தொழிலில் வேறு ரகசியம் எதுவும் இல்லை. என் மேடைகளைப் பார்த்துத்தான் பாலசுப்பிரமணியம் சார் என்னைச் சேனலுக்குக் கூப்பிட்டார். அவர் காலை நிகழ்ச்சியின் தலைவர். 'மலைக்காலை' என்று பெயர் வைத்து, ஏற்காட்டில் ஒரு பழைய எஸ்டேட் பங்களாவை வாடகைக்குப் பிடித்து, செய்தியை அங்கிருந்தே வாசிக்க ஏற்பாடு செய்தார்.

பங்களாவின் மேற்குச் சுவர் முழுக்கக் கண்ணாடி. காலை வெயில் எதிர்ச்சரிவில் நேராக விழும். சில்வர் ஓக் மரங்கள், அவற்றில் ஏறிய மிளகுக் கொடி, கீழே காப்பிச் செடி. கண்ணாடியில் வெளிச்சத்தைக் குறைக்கும் ஃபிலிம் ஒட்டி, அதற்கு முன்னால் செய்தி வாசிக்கும் கவிப்பிரியாவை உட்கார வைத்துப் பார்த்தேன். சேலத்து ஸ்டுடியோவில் கோடி செலவு செய்தாலும் வராத பின்னணி. ஒரே ஒரு குறை. கவிப்பிரியாவின் வலது தோளுக்கு மேலே, சரிவின் நடுவில் ஒரு வீடு. அதன் கூரை மேல் பளீரென்று நீலத் தார்ப்பாய்.

நடுவில் இருப்பது ஓர் ஓடைப் பள்ளம்தான். கண்ணுக்குக் கைக்கெட்டும் தூரம், நடந்தால் கால் மணி நேரம். நான் அந்த வீட்டுக்குப் போனபோது, வீட்டுக்காரர் கண்ணாயி அக்கா வாசலில் ராகி காய வைத்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, எங்க ஊட்டு மேல நீலமா இருக்கறது உங்களுக்கு என்னங்க பண்ணுது?" என்றார். கோபமில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"டிவியில கண்ணை உறுத்துதுங்க அக்கா."

"மழைக்கு ஒழுகாம இருக்குதுங்க. எங்களுக்கு அது போதுமுங்களே."

மறுநாள் பச்சைத் தார்ப்பாய் கொண்டுபோய் என் ஆட்களை வைத்து நானே போட்டுக் கொடுத்தேன். அவர் எங்களுக்கு வரக்காப்பி கொடுத்தார். உள்ளே அவருடைய வீட்டுக்காரர் மாதேஸ்வரன் கட்டிலில் படுத்திருந்தார். மிளகு பறிக்கும்போது ஏணியிலிருந்து விழுந்து இடுப்பு போய் இரண்டு வருடம். நல்ல கனத்த உடம்பு. "நானு தெரிவனுங்களா டிவியில?" என்று கேட்டார். நீங்கள் உள்ளே இருப்பதால் தெரிய மாட்டீர்கள், கவலைப்பட வேண்டாம் என்றேன்.

பச்சை போட்டதும் ஒன்று நடந்தது. வீடு அழகாகிவிட்டது. பார்க்கிறவர்களிடமிருந்து செய்தி வர ஆரம்பித்தது. அந்தக் குட்டி வீட்டில் யார் இருக்கிறார்கள், அங்கே போய்த் தங்க முடியுமா என்று கேட்டார்கள். மறைக்க நினைத்த பொருளே மேடையின் மையமாகிவிட்டது. பாலசுப்பிரமணியம் சார், "ராஜ், வீடு மட்டும் இருந்தாப் பத்தாது, ஆள் நடமாட்டம் வேணும்" என்றார்.

அதனால் ஒரு நேர அட்டவணை போட்டேன். ஏழு ஐந்துக்கு அடுப்புப் புகை. ஏழு இருபதுக்கு வாசல் கூட்டுவது. ஏழு நாற்பதுக்குக் கோழிகளுக்குத் தீனி. கவிப்பிரியாவின் புடவையோடு மோதாத நிறத்தில் மூன்று சேலை எடுத்துக் கொடுத்தேன். ஒரு சுவர்க் கடிகாரமும் கொடுத்தேன். புகை கொஞ்சம் மெலிதாக இருந்ததால், ஈர விறகு வைத்தால் கனமாக எழும் என்று சொல்லிக் கொடுத்தேன். மாதேஸ்வரனுக்கு அதில் இருமல் வந்தது என்று பிறகு தெரிந்தது. அவர் கேமராவில் வராததால் அது என் கவனத்துக்கு வரவில்லை.

கண்ணாயி அக்கா ஒரு நாள்கூடத் தவறவில்லை. அவ்வளவு ஒழுங்கான ஆளை மண்டபத் தொழிலில்கூட நான் கண்டதில்லை.

மூடுபனி நாட்களுக்காக இன்னொன்றும் செய்து வைத்திருந்தேன். மே மாதத்தில் ஒரு தெளிவான காலையில் அதே சரிவைப் படமெடுத்து, கண்ணாடிச் சுவரின் அளவுக்கே ஃப்ளெக்ஸில் அச்சடித்து, மேலே உருளையில் சுற்றி வைத்தேன். கயிற்றை விட்டால் நான்கு விநாடியில் கண்ணாடியை மூடிக்கொள்ளும். ஒரிஜினல் எது, படம் எது என்று கேமராவுக்கே தெரியாது. அந்தப் படத்திலும் வீடு இருக்கிறது, புகை இருக்கிறது. சிவப்புச் சேலையில் அக்கா குனிந்து வாசல் கூட்டுகிறார்.

இனி மழைக்கு வருகிறேன்.

கார்த்திகையில் ஒன்பது நாள் விடாமல் பெய்தது. வியாழக்கிழமை செய்தி முடிந்ததும் கண்ணாயி அக்காவே பள்ளம் ஏறி பங்களாவுக்கு வந்தார். மழைக்குத் தலையில் சாக்கை மடித்துக் கொங்காணி போட்டிருந்தார். உள்ளே வந்தால் தரை ஈரமாகும் என்று வாசலிலேயே நின்றார்.

"சார், வாசல்ல நெலம் வாயப் பொளந்துருக்குதுங்க. கையி உள்ள போவுது. வி.ஏ.ஓ. வந்து எல்லாரும் தலைச்சோலைப் பள்ளிக்கூடத்துக்குப் போயிருங்கன்னு சொல்லீட்டாரு. இவரைக் கட்டலோட தூக்கோணுமுங்க. நாலு ஆளு வேணும். உங்க ஆளுங்கள அனுப்புனீங்கன்னா இன்னைக்கே போயிர்றோமுங்க."

சனிக்கிழமை எங்களுடைய இருநூறாவது நிகழ்ச்சி. அந்த வீட்டை வைத்துத்தான் தொடக்கமே திட்டமிட்டிருந்தோம். ஆளில்லாத வீடு கேமராவில் உடனே தெரிந்துவிடும். அதற்கு ஒரு செத்த களை வந்துவிடும்.

"சனிக்கிழமை வரைக்கும் இருங்கக்கா," என்றேன். "எட்டு மணிக்கு செய்தி முடிஞ்சதும் நானே நாலு பேரோட வர்றேன். அதுவரைக்கும் என்ன பயம்? தெனமும் உங்களைக் கேமராவுல பாத்துக்கிட்டுத்தானே இருக்கோம். ஏதாச்சும்னா வாசல்ல நின்னு கையைக் காட்டுங்க. ஆளுங்க ஓடி வந்துருவாங்க."

அவர் தலைச் சாக்கை இழுத்துச் சரிசெய்துகொண்டார். பிறகு, "சரீங்க சார். நீங்க பாத்துக்குவீங்க" என்று சொல்லிவிட்டு இறங்கினார். மறுநாள் ஏழு ஐந்துக்கு, அந்த மழையிலும், புகை எழுந்தது.

சனிக்கிழமை விடிந்தபோது கரண்ட் இல்லை, போன் டவரும் போய்விட்டது. ஜெனரேட்டர் வைத்து, சாட்டிலைட் டிஷ் வழியாக ஓட்டினோம். ஆனால் ஏழு மணிக்குச் சரியாக மழை விட்டு, சரிவு கழுவிவிட்டதுபோலத் தெளிந்தது. நல்ல சகுனம் என்று எல்லோரும் சொன்னார்கள். ஏழு ஐந்துக்குப் புகை வரவில்லை. பாலசுப்பிரமணியம் சார் என் காதுக்கருவியில், "ராஜ், புகை எங்க?" என்றார். வரும் சார் என்றேன்.

ஏழு இருபத்திரண்டுக்கு அக்கா வெளியே வந்தார். நான் சொன்ன மஞ்சள் சேலை இல்லை. ஏதோ பழைய சேலையை வரிந்து கட்டியிருந்தார். வாசலின் நடுவில் நின்று இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினார். இறக்கினார். மறுபடி ஆட்டினார். அந்த நேரம் கவிப்பிரியா, "சேர்வராயன் மலைப் பகுதியில் பெய்த கனமழையால் இதுவரை உயிர்ச்சேதம் எதுவும் இல்லை" என்று வாசித்துக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் அது சரியான செய்தி.

"பின்னால யாரது கையாட்டறது? எடுத்து விடு ராஜ்," என்றார் சார்.

கயிற்றை விட்டேன். நான்கு விநாடி. கவிப்பிரியா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள் தோளுக்குப் பின்னால் மே மாத வெயிலில் அக்கா குனிந்து வாசல் கூட்டிக்கொண்டிருந்தார்.

முதல் வாக்குமூலத்தில், மூடுபனி இறங்கியதால் திரையைப் போட்டேன் என்று சொல்லியிருந்தேன். மூடுபனி இறங்கவில்லை. விட்டுப்போனதில் இது ஒன்று.

ஆட்களை உடனே அனுப்பவில்லையே என்று கேட்பீர்கள். இரண்டு பேர் விளக்கைப் பிடித்திருந்தார்கள், ஒருவர் ஜெனரேட்டரில், ஒருவர் வயரில். நேரலை நடுவே அவர்களை எடுக்க முடியாது. இது எந்தத் தொழில்காரருக்கும் புரியும். எட்டு மணிக்குப் போகலாம் என்றுதான் இருந்தேன்.

"செய்தி வாசிக்கும்போதே மண் சரிந்தது" என்று பேப்பரில் எழுதினார்கள். நானும் திருத்தவில்லை. அப்படி இருந்திருந்தால் என்மீது பெரிய பிழை இருக்காது. மண் சரிந்தது ஒன்பது பத்துக்கு.

எட்டு மணிக்கு நிகழ்ச்சி முடிந்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். கேக் வெட்டினார்கள். பாலசுப்பிரமணியம் சார் ஒரு துண்டை என் கையில் கொடுத்து, "அந்தப் பொம்பளை எதுக்கு அப்படிக் கையாட்டுச்சு?" என்று கேட்டார். உண்மையைச் சொன்னால், அவர்களை அங்கே இருக்கச் சொன்னதே நான்தான் என்பதையும் சொல்ல வேண்டும். வி.ஏ.ஓ. போகச் சொன்ன பிறகு சொன்னேன் என்பதையும் சொல்ல வேண்டும். எல்லோரும் சந்தோஷமாக இருந்த நேரம் அது.

"கேமராவுல வர்ற ஆசைதாங்க சார்," என்றேன். சிரித்தார்கள்.

அப்படிச் சொன்ன ஐந்தாவது நிமிடம் நான்கு பேரோடு பள்ளத்தில் இறங்கி ஓடினால், சொன்னது பொய் என்றாகிவிடும். அதனால் எல்லோரும் வேனில் கிளம்பட்டும், பிறகு போகலாம் என்று முடிவு செய்தேன். ஆனால் மலைப்பாதையில் மரம் விழுந்து அடிவாரம் வரை போக்குவரத்தை நிறுத்திவிட்டார்கள். வேன் கிளம்பவில்லை. யாரும் போகவில்லை. பொங்கல் வந்தது. சாப்பிட்டேன். எட்டே முக்கால் இருக்கும், கவிப்பிரியா டீ கிளாஸோடு வந்து, "அண்ணா, அந்தத் திரையைத் தூக்குங்களேன், மலையைப் பாக்கலாம்" என்றாள்.

"கயிறு சிக்கிக்கிச்சும்மா," என்றேன். கயிறு சிக்கவில்லை. இது விட்டுப்போனதில் இரண்டாவது.

ஒன்பது பத்துக்கு ஜல்லி லாரி கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அது நிற்காமல் கேட்டுக்கொண்டே இருந்தது. எல்லோரும் வெளியே ஓடினார்கள். நான் மட்டும் உள்ளே நின்று திரையைச் சுருட்டினேன். கயிறு வழவழவென்று வந்தது. எதிரே ஒரு சிவப்பு மண் பட்டை, உச்சியிலிருந்து ஓடை வரைக்கும். பச்சை எங்கேயும் தெரியவில்லை.

இரண்டு பேரையும் மறுநாள் மதியம் எடுத்தார்கள். கட்டிலின் ஒரு காலை அக்கா பிடித்திருந்தார் என்றார்கள்.

அன்று மாலைச் சிறப்புச் செய்திக்குப் பின்னணி வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். மே மாதப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி ஒன்றரை மணி நேரத்தில் கொடுத்தேன். பார்த்தவர்கள் கண்கலங்கியதாகச் சொன்னார்கள். அதை நான் பெருமைக்காக எழுதவில்லை. அன்றைக்கு என் வேலை எதிலும் குறை வைக்கவில்லை என்பதற்காக எழுதுகிறேன்.

கடைசியாக, பாப்பாத்தி சொன்னதற்கு வருகிறேன். சரிவில் கண்ணாயி அக்கா வீட்டுக்கு மேலே, மரங்களுக்குள் மறைந்திருக்கும் வீட்டுக்காரர் அவர். நேற்று அவருடைய வாக்குமூலத்தை எனக்கு வாசித்துக் காட்டினீர்கள். எட்டரை மணிக்கு அவரும் அவர் மகனும் ஆடுகளை ஓட்டிக்கொண்டு அந்த வழியே இறங்கியிருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து மாதேஸ்வரனை இழுத்தாவது போய்விடலாம், வா என்று கூப்பிட்டிருக்கிறார்கள். அக்கா வரவில்லை.

"வேண்டாம் புள்ள, இழுத்தா அவரு இடுப்பு தாங்காது. நீங்க போங்க," என்று சொல்லியிருக்கிறார். "நாங் கைகாட்டுனதை டிவிக்கார சார் பாத்துட்டாரு. பாத்த ஒடனே கண்ணாடில சீலைய இழுத்து உட்டாரு. வேலைய நிறுத்திப்போட்டு ஆளுங்களக் கூட்டியாறாரு. இப்ப வந்துருவாங்க."

அவர் பக்கத்திலிருந்து பார்த்தால் ஃப்ளெக்ஸின் வெள்ளைப் பின்புறம்தான் தெரிந்திருக்கும்.

இதை வாசித்துவிட்டு, பாவம், அந்த அம்மா தப்பாகப் புரிந்துகொண்டுவிட்டாரே என்றீர்கள். முழுக்கத் தப்பு என்று சொல்ல முடியாது அம்மா. ஆட்கள் விஷயத்தில்தான் அவர் ஏமாந்தார். மற்றதில் அவர் சொன்னது சரி. பார்த்த உடனேதான் இழுத்துவிட்டேன்.