தண்டனைக்கு முந்தின நாள்

— கதவத் தெறந்துட்டேங்கறதுக்காக உள்ள வரச் சொன்னேன்னு நெனச்சுக்காதீங்க.

— இல்லீங்க. இங்கயே நின்னு சொல்லிட்டுப் போயிர்றேன். நான் யாருன்னு ஒங்களுக்கு...

— மூணு வாரமா கோர்ட்டுல ஒங்க பின்மண்டையப் பாத்துக்கிட்டுத்தான உக்காந்திருந்தேன். முன்பக்கம் மட்டும் தெரியாமப் போயிருமா? ராய்ஸ் ஹேட்சரோட அம்மா. இமோஜீன் ஹேட்சர்.

— ஆமாங்க. நீங்க லூவெல்லா...

— திருமதி பெட்டிஸ். ஹோரஸ் பெட்டிஸோட பொஞ்சாதி. அந்தப் பேரையும் சேத்துச் சொல்லுங்க. செத்தவருக்கும் பேரு இருக்கு.

— ஹோரஸ் பெட்டிஸ். ஒரு வருஷமா தெனம் ஜெபத்துல சொல்ற பேருங்க அது.

— அவருக்காக ஜெபம் பண்ண எங்க ஆலயத்துலயே முந்நூறு பேரு இருக்காங்க. சரி, உள்ள வாங்க. எதுத்த வீட்டுக்காரி ஜன்னல் தெரைய வெலக்கியாச்சு.

— ரொம்ப நேரம் இருக்க மாட்டேங்க.

— அப்படி உக்காருங்க. இந்தாங்க, இந்த மொச்சைய உரிங்க. கைக்கு ஒரு வேலை இருந்தா வாய் தானாத் தெறக்கும். ஒங்க வீட்டுக்காரருக்குத் தெரியுமா இங்க வந்தது?

— அவரு எங்கூடப் பேசியே நாலு மாசம் ஆச்சுங்க. காலையில எந்திரிச்சா கோழிக்கூட்டுக்குள்ள போயி உக்காந்துக்கறாரு. கோர்ட்டுக்கு ஒரு நாள்கூட வரல.

— பாத்தேன். நீங்க தனியாத்தான் வந்தீங்க. அதுக்காக மட்டும் ஒரு நாள் ஒங்கமேல பரிதாபமா இருந்துச்சு. ஒரு நாள்தான். கேக்க வந்ததக் கேளுங்க.

— நாளைக்கு ஒம்பது மணிக்கு ஜட்ஜ் தண்டனை சொல்றாரு. ஜூரியில பத்துப் பேரு மின்சார நாற்காலியில சாகடிக்கணும்னாங்க, ரெண்டு பேரு ஆயுள்னாங்க. முடிவு ஜட்ஜ் கையில. அவரு காதுல விழப்போற கடைசிக் குரல் ஒங்களோடதுன்னு எங்க வக்கீல் சொன்னாரு.

— அது எனக்கும் தெரியும். அரசு வக்கீல் ரெண்டு தடவ வீட்டுக்கு வந்து, எந்த எடத்துல நிறுத்தணும், எந்த எடத்துல ஹோரஸ் போட்டோவத் தூக்கிக் காட்டணும்னு சொல்லிக் குடுத்துட்டுப் போனாரு. நவம்பர்ல அந்த வக்கீல் பதவிக்குத் தேர்தல், அவருக்கு ஓட்டு வேணும்.

— அங்க படிக்கறதுக்கு என்ன எழுதியிருக்கீங்கன்னு கேக்க எனக்கு உரிமையில்ல.

— நாலு பக்கம். எம்பொண்ணு டைப் அடிச்சுக் குடுத்தா. இரக்கம்னு ஒரு வார்த்தை அதுல எங்கயும் இல்ல.

— அவன் உயிர மட்டும் விட்ருங்கன்னு ஜட்ஜ்கிட்ட நீங்க சொல்லணுங்க.

— சொல்லணுமா.

— அந்த நாற்காலியத்தாங்க அவன் கேக்குறான். அதுக்காகவே காத்துக்கிட்டிருக்கான். வாரத்துக்கு ஒரு சாக்கு கடுதாசி வருது. ஆண்டவருக்காக உயிரக் குடுக்கற இரத்த சாட்சின்னு எழுதுறாங்க. ஓரிகன் மாநிலத்துல ஒருத்தன் தன் கொழந்தைக்கு ராய்ஸ்னு பேரு வெச்சு போட்டோ அனுப்பியிருக்கான். இவனக் கொன்னா படத்த மாட்டி வெச்சுக் கும்புடுவாங்க. அதப் பாத்து இன்னொரு ஊருல இன்னொருத்தன் துப்பாக்கியத் தூக்கிக்கிட்டு கருவக் கலைக்கற இன்னொரு கிளினிக் வாசலுக்குப் போவான். வேணாங்க. இவன் செறையிலயே கெழவனாகட்டும். பல்லு விழட்டும். இவன் யாருன்னே ஒருத்தருக்கும் நெனவில்லாமப் போகட்டும்.

— நல்லாப் பேசுறீங்க. வழி பூரா ஒத்திகை பாத்துக்கிட்டே வந்தீங்களா?

— பாத்தேன்.

— ஊருக்கு நல்லதுன்னு சொல்றீங்க. சரி. இப்ப என் மொகத்தப் பாத்துச் சொல்லுங்க. அதுக்காகவா வந்தீங்க?

— இல்ல. அவன் எம்புள்ள. அவன் சாகக்கூடாது. மத்ததும் உண்மைதாங்க, ஆனா அதுக்காக நான் நாப்பது மைல் வண்டி ஓட்டிக்கிட்டு வரல.

— அத மொதல்லயே சொல்லியிருக்கலாம்.

— சொல்ல வாய் வரலீங்க. எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு ஒங்ககிட்டப் போயி எம்புள்ள எம்புள்ளங்கறது?

— அவன் என்னப் பாத்துச் சிரிச்சான், தெரியுமா? தீர்ப்பு அன்னிக்கு. திரும்பவும் செய்வேன்னு சொல்லிட்டு, மூணாவது வரிசையில இருந்த என்னப் பாத்து.

— அது சிரிப்பில்லீங்க. பயந்தா அவனுக்கு அப்படித்தான் வாய் கோணிக்கும். சின்னதுலேர்ந்தே அப்படித்தான்.

— அவரு நெஞ்சுல சுட்டப்பவும் அப்படித்தான் கோணியிருந்துச்சாம். நர்ஸு சாட்சி சொன்னாளே.

— கேட்டேங்க. நானும் அங்கதான இருந்தேன்.

— ஹோரஸ் ஏன் அந்த கிளினிக்குக்குப் போனாருன்னு தெரியுமா?

— கருவக் கலைக்கறது சரின்னு நெனக்கறவருன்னு...

— அதுதான் இல்ல. அந்த எடம் எனக்கும் பிடிக்காது, அவருக்கும் பிடிக்காது. இருபத்தாறு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டின மனுஷன். ஒரு சனிக்கெழம மருந்துக்கடைக்குப் போயிட்டு வர்றப்ப அந்த வாசல்ல ஒரு பொண்ணு நிக்கிறா. ஆறாங்கிளாஸ்லேர்ந்து அவரு பஸ்ல வந்த பொண்ணு. சுத்தி நின்னுக்கிட்டுக் கொலகாரி கொலகாரின்னு கத்துறாங்க. முன்னாலயும் போக முடியல, பின்னாலயும் போக முடியல அவளால. இவரு வண்டியில இருந்த குடைய எடுத்து விரிச்சு, அவளுக்கும் அந்தக் கூட்டத்துக்கும் நடுவுல பிடிச்சுக்கிட்டுக் கூட நடந்தாரு. உள்ள போயி என்ன பண்ணப் போறேன்னு கேக்கல. அதுலேர்ந்து வாரத்துக்கு ரெண்டு நாள் அங்க வர்ற பொண்ணுங்களுக்குத் தொணையா நடந்தாரு. அதுக்காக நாங்க போட்ட சண்டை கொஞ்சமில்ல. பாவத்துக்குத் தொணை போறீங்கன்னேன். பாவமோ புண்ணியமோ, தனியா நடக்க விட முடியல, லூவெல்லான்னாரு.

— அந்தக் கூட்டத்துல நானும் நின்னிருக்கேங்க.

— எந்தக் கூட்டத்துல?

— அதே கிளினிக் வாசல்ல. ரொம்ப வருஷத்துக்கு முன்ன. நான் கத்தினதில்ல, பாட்டுத்தான் பாடுவேன். ராய்ஸுக்கு அப்பப் பதினோரு வயசு. பெரிய அட்டையப் பிடிச்சுக்கிட்டு எங்கூட நிப்பான். கை வலிக்குதும்மான்னான் ஒரு நாள். ஆண்டவருக்காகப் பிடிடான்னேன்.

— இத யாரும் கோர்ட்டுல சொல்லலையே.

— யாரும் கேக்கல.

— அவன் குறி வெச்ச கிளினிக் டாக்டருக்குத் தோள்லதான் பட்டுச்சு. பொழச்சுக்கிட்டாரு, இப்ப வேற ஊருல வைத்தியம் பாக்குறாரு. அவரு காருக் கதவத் தெறந்துவிடப் போன எம்மனுஷன் செத்தாரு. அத நெனச்சா இப்பவும் எனக்கு யாரு மேல கோவப்படறதுன்னு தெரியல. சில நாளு ஹோரஸ் மேலயே வருது.

— எனக்கும் அப்படித்தாங்க. யாரு மேலன்னு தெரியல.

— நேத்து அந்த நாலு பக்கத்தையும் வாய்விட்டுப் படிச்சுப் பாத்தேன். படிக்கப் படிக்க அதுல ஹோரஸே இல்ல. வரிக்கு வரி ஒங்க மவன்தான் இருக்கான். பஸ்ல வம்பு பண்ற பையன அவரு நடுவழியில எறக்கிவிட்டதே இல்ல. தனக்குப் பின்சீட்டுல கொண்டாந்து உக்கார வெச்சுக்குவாரு. நீ பேசாம எங்கூடயே வாடாம்பாரு.

— திருமதி பெட்டிஸ்...

— இருங்க, முடிச்சுக்கறேன். வெளிய வரவே கூடாது அவன். சாகற வரைக்கும் உள்ளதான். ஆனா நாற்காலி வேணாம்னு நாளைக்குச் சொல்றேன். அரசு வக்கீல் மூஞ்சி தொங்கிப் போகும், தொங்கட்டும். இது ஒங்களுக்காக இல்ல, அவனுக்காகவும் இல்ல. அவன் சாவுக்கு நாள் எண்ணிக்கிட்டு என் மிச்ச காலத்த ஓட்ட என்னால முடியாது.

— நன்றின்னு சொன்னா அது சின்ன வார்த்தையா இருக்குங்க.

— சொல்ல வேணாம். அந்தத் தோலெல்லாம் அப்படியே கெடக்கட்டும், நான் எடுத்துக்கறேன். இருட்டறதுக்குள்ள ஊரு போயிச் சேருங்க.

— போறேங்க.

— அப்புறம் ஏன் நிக்கிறீங்க?

— இன்னும் ஒண்ணு பாக்கி இருக்குங்க. நீங்க கதவச் சாத்தியிருந்தா இதச் சொல்லியிருக்க மாட்டேன். இவ்வளவு குடுத்துட்டீங்க. இத மறைச்சு வெச்சுக்கிட்டு அத வாங்கிட்டுப் போனா நான் திருடி.

— என்னது?

— அன்னிக்குக் காலையில நான் முழிச்சிருந்தேன்.

— தூங்கிட்டிருந்தேன்னு பைபிள் மேல கை வெச்சுச் சத்தியம் பண்ணீங்க.

— சமையக்கட்டு ஜன்னல்ல நின்னேன். துப்பாக்கியப் போர்வையில சுத்தி வண்டியில வெச்சான். ஜூலை மாசம், எந்த வேட்டைக்கும் அது காலமில்ல. என்ன கெழமைன்னு எனக்குத் தெரியும். அந்த வாசல் எத்தன மணிக்குத் தெறக்கும்னும் தெரியும். உள்ள வந்து என் கன்னத்துல முத்தம் குடுத்துட்டுப் போனான். போன் என் முழங்கைக்குப் பக்கத்துலதான் சுவத்துல தொங்குச்சு. எடுத்தேன். போலீசுக்கு நம்பர் சுத்த ஆரம்பிச்சேன். எம்புள்ளையப் பிடிச்சுட்டுப் போயிருவாங்களேன்னு திரும்ப மாட்டிட்டேன்.

— மணி என்ன அப்ப?

— ஆறே முக்கால். திட்டணும்னா திட்டுங்க, திருமதி பெட்டிஸ்.

— ஏழரை வரைக்கும் அவரு இங்கதான் இருந்தாரு, இமோஜீன். ஒத்த ஷூவக் காணோம்னு வீடு பூராத் தேடிக்கிட்டிருந்தாரு.